இடது ஓரத்தில் ஒரு நைட்டி

ஏப்ரல் 6, ஞாயிறு

பாப்பா தூங்கிவிட்டாள். மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இன்று பூபதி ஒரு செய்தி சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எதையும் இவ்வளவு பயபக்தியோடு சொல்லி நான் கேட்டதில்லை. நான் உண்டாகியிருக்கிறேன் என்று சொன்னபோதுகூட "அப்படியா, சரி சரி" என்றவர்தான். செம்பருந்தைப் படமாக எடுக்கப்போகிறார்களாம்.

செம்பருந்து அவர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வந்த சித்திரக்கதை நாயகன். சிவப்பு உடை, அரை முகமூடி, முதுகில் சிறகு மாதிரி ஒரு போர்வை. கடைசி இதழில் பேராசிரியர் கந்தகம் என்ற வில்லன் ஒரு கைக்குழந்தையைத் தண்ணீர்த் தொட்டி உச்சியிலிருந்து வீசிவிடுகிறான். குழந்தை அந்தரத்தில். செம்பருந்து பாய்கிறார். மிச்சம் அடுத்த இதழில் என்று போட்டிருக்கிறது. அடுத்த இதழ் வரவேயில்லை, பத்திரிகை நின்றுபோயிற்று. அன்று ஏழாம் வகுப்பில் இருந்த பூபதி இன்று திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். குழந்தை இன்னும் அந்தரத்தில்தான் இருக்கிறது.

இதைத் தாங்க முடியாதவர்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். செம்பருந்து ரசிகர் வட்டம். தலைவர் குவைத்தில் இருக்கிறார். எல்லாரும் சேர்ந்து அந்தக் குழந்தையைக் காப்பாற்றிவிடுவது என்று தீர்மானம் போட்டு, குறும்படம் எடுக்கும் பொறுப்பை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள்.

"அதுக்கு ஒரு கொழந்த வேணும், தாரணி."

"கடையில பொம்மை விக்குது, வாங்கிக்குங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார். நான் பாப்பாவைப் பார்த்தேன். பேச்சு அதோடு முடிந்தது.

ஜூன் இரண்டாம் தேதி நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். பாப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று இன்னும் முடிவாகவில்லை. அம்மா பெங்களூரில் அண்ணன் வீட்டில். அத்தை என் கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமா இருக்கிறார். இருக்கிறார், அவ்வளவுதான். எட்டு மாதக் குழந்தையை ஒரு ஓய்வுபெற்ற டவுன் பஸ் கண்டக்டரிடம் விட்டுவிட்டுப் போக முடியுமா?

எனக்குப் பயம் என்று பூபதி சொல்கிறார். பயமில்லை. கவனம்.

ஏப்ரல் 10, வியாழன்

வில்லன் கிடைத்துவிட்டார். என் மாமனார்.

அவரே முன்வந்தாராம். "டேய், தீபாவளிக் கூட்டத்துல ஒத்தக் கையில கம்பியப் புடிச்சுட்டு, மறு கையில சில்லறை குடுத்தவன் நானு. ஒரு கொழந்தையக் கடத்த முடியாதா எனக்கு?"

கதையில் கந்தகத்தின் கண்களிலிருந்து மஞ்சள் புகை வருமாம். அடியாட்கள் அதைப் பார்த்தே நடப்பார்களாம். புகைக்கு வசதியில்லை. அதனால் மாமா தன் பழைய விசிலைத் தேடி எடுத்துவிட்டார். ஒரு விசில் அடித்தால் அடியாட்கள் நிற்க வேண்டும். இரண்டு அடித்தால் போக வேண்டும்.

சாயங்காலம் முழுக்க வில்லன் சிரிப்புப் பயிற்சி. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "ஹ்ஹாஆஆ... உள்ள போ உள்ள போ... படியில நிக்காத... ஹ்ஹாஆஆ!" பாப்பா விக்கல் வருமளவுக்குச் சிரித்தாள். என்னிடம் அப்படிச் சிரித்ததில்லை. அதிகம் சிரித்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்று போனில் தேடினேன். ஆகாதாம். இருந்தாலும் போய்ப் பாப்பாவை வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

உடை வந்தது. கம்பெனி குடோனில் கிடந்த ரிஜெக்ட் துணியில் கட்டிங் மாஸ்டரிடம் சொல்லித் தைத்திருக்கிறார். பனியன் கம்பெனிக்கு ஒரே ஒரு துணி தைக்கத் தெரியாது. ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல் என்று நான்கு செம்பருந்து வந்திருக்கிறது, தனித்தனி கவரில். கழுத்தில் சைஸ் லேபிள். இடுப்புத் தையலில் துவைக்கும் முறை: தனியாகத் துவைக்கவும்.

பூபதி எக்ஸ்எல்லைப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து நின்றார்.

"பருந்து முட்டை வெக்கற மாதிரி இருக்குதுடா," என்றார் மாமா.

போர்வையை மட்டும் தொட்டுப் பார்த்தேன். எங்கேயோ தொட்ட துணி போல இருந்தது. பாப்பா அழுதாள், போய்விட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. காலையில் பாயசம், பத்து மணிக்குப் படப்பிடிப்பு.

கேமராவும் டைரக்‌ஷனும் ஹக்கீம். பூபதியின் பள்ளித் தோழர், கல்யாண வீடியோ எடுப்பவர். அவருக்குப் பழகிய வார்த்தைகள்தான் அவர் வாயில் வந்தன. "வில்லன் கொஞ்சம் சிரிங்க. செம்பருந்து, அப்படியே வில்லன் தோள்ல கை போடுங்க. சூப்பர், சூப்பர். அடுத்து மாமன் முறை யாரு, வாங்க." பழக்கதோஷத்தில், அடியாட்களாக நடிக்க வந்திருந்த வட்டத்து ஆட்களும் வரிசையாக வந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

தண்ணீர்த் தொட்டிக்கு எங்கள் மொட்டை மாடி. குழந்தைக்குக் கடைப் பொம்மை. ஆனால் அதற்குப் பாப்பாவின் மஞ்சள் கவுனைப் போட்டுவிட்டார்கள், என்னைக் கேட்காமல். மாமா மாடியிலிருந்து வீச வேண்டும், பூபதி கீழே மெத்தைகளின் மேல் பாய்ந்து பிடிக்க வேண்டும். காலையெல்லாம் வீசினார்கள். பூபதி ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை. அரை முகமூடியில் கண் ஓட்டை இருக்கிற இடத்தில் அவருடைய கண் இல்லை.

நான் வாசலில் சும்மா நின்றிருந்தேன். கொடியில் துணி எடுக்கப் போனேன்.

"அண்ணி, ஃப்ரேமுக்குள்ள வர்றீங்க," என்றார் ஹக்கீம்.

தள்ளி நின்றேன்.

"அண்ணி, இன்னும் கொஞ்சம்."

தள்ளித்தான் நின்றேன். அடுத்த முறை அந்த மஞ்சள் கவுன் மாடியிலிருந்து வந்தபோது எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. பொம்மை என் கையில் இருந்தது. தலைக்குப் பின்னால் கை கொடுத்துப் பிடித்திருந்தேன், கழுத்து நிற்காத குழந்தையைப் பிடிப்பது போல. அடியாட்கள் கை தட்டினார்கள். பூபதி மெத்தையில் குப்புறக் கிடந்தபடி "புடிச்சுட்டனா?" என்று கேட்டார்.

பொம்மைதான். எனக்குத் தெரியும். வானத்திலிருந்து எது விழுந்தாலும் கை போகத்தானே செய்யும்?

பாப்பா அந்த நேரமெல்லாம் கூடத்துத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

தோள்பட்டை வலி. தைலம் தேய்த்தேன். வாசனை பாப்பாவுக்கு ஆகாது என்று உடனே கழுவிவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது. பயத்தில் இல்லை, களைப்பில்.

பொம்மையின் முகத்தை அருகில் காட்ட முடியாது என்று ஹக்கீம் சொல்லிவிட்டார். ஒரு கண் எப்போதும் மூடியே இருக்கிறதாம். ஒரே ஒரு ஷாட்டுக்குப் பாப்பா வேண்டும் என்று பூபதி மூன்று நாளாகக் கெஞ்சினார். தரையில்தான் எடுக்க வேண்டும், சுற்றிலும் மெத்தை, விசில் கூடாது, விளக்கு கண்ணில் படக் கூடாது என்றெல்லாம் சொல்லிச் சம்மதித்தேன். காட்சி இவ்வளவுதான்: கந்தகத்தின் கையில் குழந்தை அழ வேண்டும். செம்பருந்து வந்து வாங்கியதும் சிரிக்க வேண்டும்.

நடந்தது நேர்மாறு. கந்தகத்தின் கையில் பாப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். செம்பருந்து வாங்கியதும் வீறிட்டாள். வில்லன் ஓடிவந்து "ஒண்ணுமில்லடா தங்கம், அது உங்கொப்பந்தான்" என்று சமாதானம் செய்தார். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே. கடைசியில் பாப்பா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். செம்பருந்தின் போர்வை நுனியை வாயில் திணித்துச் சப்பிக்கொண்டே இருந்தாள், அழவில்லை. எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தார்கள். நானும்தான் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். உள்ளே முழுக்கச் சிவப்பு. நாக்கு, ஈறு, அண்ணம் எல்லாம்.

நான் கத்தியது தெரு முனை வரை கேட்டதாம்.

"கண்ணு, அது ரத்தமில்ல," என்று மாமா சொன்னார். "சாயங் கண்ணு. இங்க பாரு, என்ற வெரல்லயும் ஒட்டுது." எனக்குக் காது கேட்கவில்லை. ஆட்டோவில் நான், பாப்பா, செம்பருந்து, பேராசிரியர் கந்தகம். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் தயக்கமாக, "கோயில் நாடகமுங்களா?" என்றார்.

குழந்தை டாக்டர் வீட்டில் ஒரே கூட்டம். ஊசிக்கு அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் செம்பருந்தைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டன. கந்தகத்தைப் பார்த்ததும் மறுபடி ஆரம்பித்தன.

"அப்பா யாரு?" என்றார் டாக்டரம்மா.

செம்பருந்து கையைத் தூக்கினார்.

டாக்டரம்மா ஈரப் பஞ்சால் பாப்பாவின் நாக்கைத் துடைத்தார். பஞ்சு சிவந்தது, நாக்கு வழக்கமான நிறத்துக்கு வந்தது. "வெறும் சாயம்மா. பொண்ணு நல்லா இருக்கா. மொதல்ல இவரோட போர்வைய வாங்கி வெளிய போடுங்க." சீட்டு எழுதிக்கொண்டே பேச்சுவாக்கில், "நீங்க வேலைக்குப் போறீங்களா?" என்றார்.

"லீவுல இருக்கேங்க. துணி டெஸ்டிங் லேப்."

"அங்க என்ன டெஸ்ட் பண்ணுவீங்க?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "கொழந்தைங்க வாயில வெச்சா, எச்சில்ல சாயம் போகுதான்னு பாப்பேங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் லேபில் என்னோடு வேலை செய்யும் ஷீபாவுக்குப் போன் செய்து, கவரிலிருந்த லாட் நம்பரைச் சொன்னேன். அவள் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "விஷச் சாயம் எதுவும் இல்லடி, அதுல பாஸ். எச்சில் டெஸ்ட்ல படு ஃபெயில். அதனாலதான் ரிஜெக்ட் ஆகியிருக்கு." பிறகு, "கையெழுத்து உன்னோடதுடி. லீவு போடறதுக்கு முன்னாடி நீதான் ஃபெயில் போட்டிருக்க," என்றாள்.

மாடியிலிருந்து விழுமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வாய் வழியாக வந்துவிட்டது.

ஏப்ரல் 21, திங்கள்

டயப்பர் மாற்றினேன். வழக்கமான நிறம். வெளிச்சத்தில் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன்.

ஏப்ரல் 23, புதன்

வேலையை விட்டுவிடுவதாக லேபுக்கு மெயில் எழுதி வைத்துவிட்டேன். அனுப்பவில்லை. பூபதியிடம் சொன்னேன். "உன்ற இஷ்டம்," என்றார். எனக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அதற்கு மேல் பேசவில்லை என்று நினைக்கிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா எழுந்து போய், பின்கட்டில் அந்தப் போர்வையைத் தனி வாளியில் போட்டு அலச ஆரம்பித்தார். தண்ணீர் சிவப்பாகவே வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் வரை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தார்.

மே 11, ஞாயிறு

படம் முடிந்துவிட்டது. முடிந்ததும் சண்டை ஆரம்பித்துவிட்டது. யூடியூபில் போடுவதற்கு முன்னால் யாராவது நடுநிலையாக நிறை குறை எழுதித் தர வேண்டும் என்று குவைத் தலைவர் சொல்லியிருக்கிறார். வட்டத்தில் நடுநிலை கிடையாது. பாதிப் பேர் பார்த்துவிட்டு அழுகிறார்கள், மீதிப் பேர் முகமூடியின் மூக்கு வளைவு சரியில்லை என்று குழுவை விட்டு வெளியேறுகிறார்கள்.

"நீதான் தெனமும் பாஸ், ஃபெயில் போடறவ," என்று பூபதி லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தார். "புருசன்னு பாக்காம எழுதிக் குடு."

அப்படியே எழுதினேன்.

முதலில் நிறை. கதையின் மேல் இவர்களுக்கு உண்மையான பாசம் இருக்கிறது, அது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. வில்லன் பிரமாதம். "டிக்கெட் எடுக்காத உலகமடா இது!" என்று அவர் கர்ஜிக்கும்போது அவருக்கு அப்படி என்ன அநியாயம் நடந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. விசில் நல்ல யோசனை, மஞ்சள் புகையைவிட மேல். குழந்தை இயல்பாக நடித்திருக்கிறது.

குறைகள் அதிகம். நாயகன் தோன்றும்போதெல்லாம் மேலிருந்து ரோஜா இதழ்கள் கொட்டுகின்றன, பின்னணியில் நாதஸ்வரம். சண்டையின் நடுவில் இருவர் முகமும் ஒரு இதய வடிவத்துக்குள் வந்து போகின்றன. கடத்தப்பட்ட குழந்தை கடத்தியவரிடம் மகிழ்ச்சியாக இருக்கிறது. காப்பாற்றப்பட்டதும் கதறுகிறது. நாயகனின் நிறம் காட்சிக்குக் காட்சி வெளுக்கிறது, இறுதியில் அவர் ஏறக்குறைய ரோஸ். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, நாயகன் குழந்தையைப் பிடிக்கவேயில்லை. பிடித்த காட்சி ஒன்றுதான் இருக்கிறது. அதில் பிடிப்பவர் வேறு ஆள்.

அந்த ஆளைப் பற்றியும் எழுத வேண்டியிருந்தது. மாடிக் காட்சிகள் எல்லாவற்றிலும் இடது ஓரத்தில் பூப்போட்ட நைட்டியில் ஒரு பெண் நிற்கிறாள். துணி எடுக்க வந்தவள் போல இல்லை. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, மேலேயே பார்த்துக்கொண்டு. வில்லன் வசனம் பேசும்போதும் நிற்கிறாள். எல்லாரும் டீ குடிக்கும்போது கேமரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, அதையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், அப்போதும் நிற்கிறாள். மாடியில் யாருமே இல்லை, பொம்மைகூட இல்லை, கை மட்டும் நீண்டபடியே இருக்கிறது.

இது யார் என்று முதலில் ஒரு நொடி நிஜமாகவே தோன்றியது. நைட்டியை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்படியா இருக்கிறேன் நான்?

டீக் காட்சியை நிறுத்தி வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. எனக்குப் பின்னால், படத்தின் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு, பேராசிரியர் கந்தகம் நிற்கிறார். ஒட்டு மீசை, கறுப்புக் கோட்டு. டீ டம்ளர் காம்பவுண்டுச் சுவரில் ஆறிக்கொண்டிருக்கிறது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கைகளிலும் அகலமாக விரித்துப் பிடித்திருக்கிறார். அவரும் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

படத்தை ஓட விட்டேன். அவரும் அசையவில்லை.

அறிக்கையை அதோடு நிறுத்திவிட்டேன்.

மே 12, திங்கள்

மாமா முற்றத்தில் பாப்பாவுக்கு விசிலைக் காட்டிக்கொண்டிருந்தார். ஊதவில்லை. விசில் கூடாது என்று நான் அன்று சொன்னதை இன்னும் கடைப்பிடிக்கிறார்.

"மாமா, அன்னிக்கு டீ குடிக்கறப்ப மாடியில ஒண்ணுமேயில்ல. துண்ட எதுக்கு விரிச்சுப் புடிச்சீங்க?"

"நீ கைய நீட்டிட்டு நின்னியே கண்ணு."

"அது வெறும் பொம்மைதானுங்களே மாமா."

"பொம்மைதான். அது உனக்குந்தான் தெரியும்." விசிலைப் பாப்பாவின் கைக்கு எட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பொம்மைன்னு தெரிஞ்சும் ஒருத்தி நிக்கறான்னா, ஏதோ விழற மாதிரி அவளுக்குத் தெரியுதுன்னுதானே அர்த்தம்? உன்ற கையி தவறிப்போச்சுன்னா? அதுக்குத்தான் பின்னால ஒரு ஆளு. பஸ்ல முன் வாசல டிரைவர் பாத்துக்குவான். பின் வாசலு எப்பவும் நம்முளுது."

நான் உள்ளே போய் இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன். கூடுதலாகவே போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

மே 18, ஞாயிறு

இடது ஓரத்தை வெட்டிவிடலாம் என்று ஹக்கீம் சொன்னார். "ஒரு நிமிஷ வேலை அண்ணி, இருந்த தடமே தெரியாது." வட்டத்தில் வாக்கெடுப்பு வைத்தார்கள். ஒரு கட்சி, படத்தில் நைட்டி இருந்தால் செம்பருந்துக்கே அவமானம் என்றது. இன்னொரு கட்சி, பழைய இதழில் பெயரில்லாமல் வரும் ஆகாயத் தாய் இவர்தான் என்று ஆதாரங்களோடு எழுதியது. நைட்டியின் பூக்கள் எந்தப் பூ என்று ஒருவர் ஆராய்ச்சியே செய்திருக்கிறார். அது கடையில் தள்ளுபடியில் எடுத்தது.

கடைசியில் குவைத் தலைவர் குரல் பதிவு அனுப்பினார். பூபதி ஸ்பீக்கரில் போட்டார்.

"யாரும் வெட்ட வேண்டாம்யா. ஏழாங்கிளாஸ்ல இருந்து அந்தரத்துல நிக்கற கொழந்த. நம்ம பருந்தும் புடிக்கல, நாமளும் புடிக்கல. அந்தம்மாதான்யா புடிச்சிருக்குது. அப்படியே போடுங்க."

மனிதர் அழுதுவிட்டார் என்று நினைக்கிறேன். பூபதியும் மூக்கை உறிஞ்சினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏந் தாரணி, நிஜமாவே நான் ஒருதடவகூடப் புடிக்கலியா?" என்றார்.

"மெத்தையப் புடிச்சீங்க."

ஜூன் 1, ஞாயிறு

அந்த ராஜினாமா மெயிலை அழித்துவிட்டேன். பால், சோறு, துணி, டாக்டர் நம்பர் எல்லாம் மாமாவிடம் சொன்னேன். மறுபடி சொன்னேன். மூன்றாவது முறை ஆரம்பித்தபோது அவரே கடகடவென்று திருப்பிச் சொல்லிக் காட்டினார், ஸ்டாப் பெயர் சொல்வது போல.

ஜூன் 2, திங்கள்

காலையில் ஸ்கூட்டியை வெளியே எடுத்தேன். மாமா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டில் நின்றார். பாப்பா அவருடைய ஒட்டு மீசையைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள். மீசையைக் குப்பையில் போடச் சொல்லியிருந்தேன். போடவில்லை. அதை ஏற்கெனவே தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் போகவில்லை என்று பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

ஹெல்மெட்டைப் போட்டேன். கழற்றினேன். பாப்பாவுக்கு முத்தம் கொடுத்தேன். மறுபடி போட்டேன். மறதியாக ஏதோ விட்டுவிட்டது போல இருந்தது, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றுமில்லை. வண்டியில் உட்கார்ந்தேன். கை ஆக்ஸிலேட்டரைத் திருகவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"கண்ணு," என்றார் மாமா. "ஊதட்டுங்களா?"

என்னிடம் அவர் மரியாதைக்கு 'ங்க' போட்டதே இல்லை. தலையாட்டினேன்.

இரண்டு விசில் கேட்டது. வண்டியை எடுத்துவிட்டேன்.

லேபில் என் மேஜை அப்படியே இருந்தது. முதல் வேலையே குழந்தைத் துணி, மஞ்சள் கவுன். எச்சில் டெஸ்ட் வைத்தேன், பாஸ். நாள் முழுக்க வீட்டுக்குப் போன் செய்யவில்லை. ஒரே ஒருமுறை செய்தேன். யாரோ எடுத்தார்கள், யாரும் ஹலோ சொல்லவில்லை. பாப்பாதான் கையில் கிடைத்ததை அழுத்தியிருக்க வேண்டும். தூரத்திலிருந்து "உள்ள போ, உள்ள போ, ஹ்ஹாஆஆ" என்று கேட்டது. பிறகு போனுக்கு மிகப் பக்கத்தில் அவள் சிரித்தாள்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஷீபா அடுத்த துணியைக் கொண்டுவந்து நீட்டினாள். போனை வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் வாங்கினேன்.